மறு: ‘ஸ்கேண்டல்’ என்பதற்குத் தமிழ்: ‘இடறவைப்பு’ சரிவருமா?

அன்பான எல்லாருக்கும் வணக்கம். எங்கட பாட நூலில் ‘ஸ்கேண்டல்’ (scandal) என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடலாம் என்று நீங்கள் எழுதினவற்றுக்கு என் பதில்.

> கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2284ஆம் எண்ணில் வருகிற ‘ஸ்கேண்டல்’ என்ற சொல்லுக்கு ‘அவதூறு’ என்று போட்டிருக்கிறேன். பத்திரிகையிலும் அப்படித்தானே வருகுது?

தம்பி, அது வேண்டாம். அவதூறு என்றால் ஒருவரைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் கதைக்கிறது. அந்த எண் சொல்லுகிறது வேறு: என்னுடைய நடத்தையால் இன்னொருவர் தீமை செய்ய நேர்கிறது.

கிரேக்க மூலத்துக்குப் போவம். ஸ்கந்தலோன் என்பது முதலில் பொறியில் இரை குத்துகிற கம்பு. எங்கட வீட்டு எலிப்பொறியை நினையுங்கோ. தேங்காய்ச் சொட்டை நெருப்பில் வாட்டி, உள்ளே தொங்குகிற கம்பியில் குத்தி, குசினி மூலையில் வைத்துவிட்டுப் படுப்போம். எலி சொட்டை இழுக்கும், கம்பி கழரும், கதவு விழும். அந்தக் கம்பிதான் இந்தச் சொல். விழுகிற எலியை இது குறிக்கவில்லை, வைத்துவிட்டுப் போனதைக் குறிக்கிறது.

பழைய வேதாகமத்தின் ‘இடறல்’ எனக்குப் பழகின சொல், அதில் பக்தியும் உண்டு. ஆனால் இன்று “அவன் இடறிப்போனான்” என்றால் பிழை அவன் காலில்தான். ரோமர் 14:13 இல் “தடுக்கலையும் இடறலையும் போடலாகாது” என்று வரும். அந்தப் ‘போடுகிற’ ஆள் கலைச்சொல்லுக்குள்ளே தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

> வேதாகமச் சொல்லில் கை வைக்கலாமா, அண்ணை?

வேதாகமத்தில் அது இருந்தபடியே இருக்கட்டும், நாங்கள் பாட நூலுக்குத்தான் சொல் தேடுகிறோம். அதோடு, பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து ஆறுமுக நாவலர் வேதாகமத்துக்குத் தமிழ் தேடின ஊர் எங்கட யாழ்ப்பாணம். அந்த மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சேறியது. சொல்லைத் தட்டிப் பார்க்கிறது எங்களுக்குப் புதிதில்லை.

> எங்கட அம்மம்மா ‘துர்மாதிரிகை’ என்றுதான் சொல்லுவா.

அக்கா, நல்ல சொல். ஆனால் மாதிரி என்றால், ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றவரும் அதையே செய்ய வேண்டும். 2286ஆம் எண்ணைப் பாருங்கோ: மோசடி செய்யத் தூண்டுகிற விதியைப் போடுகிற முதலாளி, பிள்ளைகளுக்குக் கோபமூட்டுகிற ஆசிரியர். முதலாளி தன் கையால் ஒரு கள்ளக் கணக்கும் எழுதவில்லை. அங்கே மாதிரி இல்லை, பொறி இருக்கிறது.

‘பாவத்தூண்டல்’ என்றும் ஒரு சொல் வைக்கலாம்தான். அது எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதை என் பிழையை வைத்தே சொல்லுகிறேன். வீட்டில் ஒரு கலியாணம். வெளிநாட்டிலிருந்து வந்த போத்தல் ஒன்றை, நாலு கிளாசோடு விறாந்தை மேசையில் வைத்தது நான். அளவாகக் குடிப்பதை நான் பாவமாக எண்ணுகிறவன் அல்ல. சித்தியின் மகன் குடியை விட்டுப் பதினொரு மாதம். அவனை நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை, கிளாசை நீட்டவும் இல்லை. மற்ற நாள் காலையில் அவன் மனைவி வந்து அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் தூண்டவில்லை. ஆனாலும் வைத்தது நான். பவுல் 1 கொரிந்தியர் 8இல் இறைச்சியைப் பற்றி எழுதினது இதைத்தான்: சாப்பாட்டில் குற்றமில்லை, ஆனால் அது என் சகோதரனை விழுத்துமென்றால் எனக்கு அது என்றைக்கும் வேண்டாம் என்கிறார். வேண்டுமென்று ஒருவரைப் பெரிய பாவத்தில் விழுத்தினால் அது பாரதூரம் என்று மறைக்கல்வியும் பிரித்துச் சொல்லுகிறது. எங்கட சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

முதலில் ‘தலையீடு’ போல ‘இடறீடு’ என்று யோசித்தேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஈடு என்றால் காணி ஈடுதான் நினைவுக்கு வரும். ஆகவே ‘இடறவைப்பு’. செய்கிறவர் இடறவைப்பவர். கேட்டவுடன் விளங்கும், அகராதி தேவையில்லை.

இன்னொன்று. இடைக்கால இறையியலாளர் அக்குவினாத் தோமா, இடறலைக் கொடுக்கிற பக்கத்தையும் கொள்ளுகிற பக்கத்தையும் பிரித்து எழுதுகிறார். கொள்ளுகிற பக்கத்துக்கு ‘இடறுகை’ என்று வைத்தால் மத்தேயு 15:12 ஐ விளக்கலாம். இயேசு சொன்னதைக் கேட்டுப் பரிசேயர் இடறினார்கள், ஆனால் அவர் இடறவைக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக மனம் நோகிறவர்களும், கையில் பிடித்து நடத்த வேண்டிய பலவீனரும் ஒன்றல்ல. ஒரே சொல்லை வைத்தால் இரண்டும் குழம்பும். “நீ பாடினது எனக்கு இடறல்” என்று ஆலயத்தில் ஆளை ஆள் அடக்குகிறதற்கும் அந்தக் குழப்பம்தான் வழிவிடுகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் நான் விட்டுக்கொடுப்பேன். வராவிட்டால், தம்பி, வரைவில் ‘அவதூறு’ வந்த எல்லா இடத்தையும் மாற்றிப்போட்டு, 2287ஐ எனக்கு ஒருக்கா அனுப்பு. அதில் அதிகாரத்தில் இருக்கிறவர்களைப் பற்றி வருகிறது, வடிவாகப் பார்க்க வேணும்.