நாய்க்கு எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியை ரத்து செய்துவிட்டார்கள், என்ன வழி?

கோவை லாப்ரடார்:
எங்கள் லாப்ரடார் மாங்கொட்டையை விழுங்கி, குடலில் அடைத்து, ஆபரேஷன் வரை போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறான். 62,000 ரூபாய் பில்லுக்கு க்ளெய்ம் போட்டால், பாலிசியையே ரத்து செய்துவிட்டதாக மெயில் வருகிறது. நாயின் தோலுக்கடியில் அடையாளத்துக்கு வைத்திருக்கும் மைக்ரோசிப்பின் எண் பொருந்தவில்லையாம். 15 இலக்கத்தில் கடைசியில் 47 என்பது 74 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். படிவத்தை நிரப்பியது ஏஜென்ட். தடுப்பூசி அட்டையில் எண் சரியாகவே இருக்கிறது. நான் கேட்காமலேயே பிரீமியத்தையும் அக்கவுண்ட்டில் திருப்பிப் போட்டுவிட்டார்கள். சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?

மதுரைக்காரி:
க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன் சார். மெயிலில் மோசடி என்று எங்காவது எழுதியிருக்கிறார்களா பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலர்படி, தனிநபரின் பொதுக் காப்பீட்டு பாலிசியை நிறுவனம் ரத்து செய்ய ஒரே காரணம்தான் உண்டு: நிரூபிக்கப்பட்ட மோசடி. அதற்கும் குறைந்தது 7 நாள் நோட்டீஸ் தர வேண்டும். இரண்டு இலக்கம் இடம் மாறினால் மோசடி என்றால் ஊரில் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டியதுதான்!

டாக்டரிடம் போய் சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ரீடர் திரையில் எண் தெரிய, நாயின் முகமும் விழ ஒரு போட்டோ. லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று. இரண்டையும் வைத்து நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போடுங்கள், ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதிந்துவிடுங்கள்.

தஞ்சை வக்கீல்:
அவர்கள் மறுத்தாலோ, 30 நாளில் பதில் வராவிட்டாலோ ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். நமக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் கூடாது (எங்கள் பிழைப்பு அங்கே நடக்காது). அவர் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள், கோவையிலேயே போடலாம். மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் வரிசையை மாற்றிவிடாதீர்கள். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மன் அதைத் தொட மாட்டார்.

கோவை லாப்ரடார்:
நன்றி. பிரீமியம் திரும்பி வந்ததே, நான் ரத்துக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா?

மதுரைக்காரி:
அப்படி வாதம் வைக்கத்தான் போடுவார்கள். இன்றே ஒரு மெயில்: "ரத்தை ஏற்கவில்லை, இந்தப் பணத்தை ஆட்சேபத்துடனே வைத்திருக்கிறேன், பாலிசியை மீட்டால் உடனே கட்டுகிறேன்." முழுத் தீர்வு என்று எழுதிய வவுச்சர் எதிலும் கையெழுத்து வேண்டாம். அப்புறம், அந்தப் படிவத்தின் நகலை ஏஜென்டிடம் வாங்கிவிடுங்கள், அவர் இன்னும் போன் எடுக்கும்போதே.