அக்சுவரி மாணவர் கழகம் (புதுப்பிப்பு)

போன மாதம் இங்க கேட்டிருந்தன்: திருகோணமலையில இருந்துகொண்டு அக்சுவரி (காப்புறுதி மாதிரி விசயங்களில வரக்கூடிய இழப்பை நிகழ்தகவால கணக்குப் போடுற துறை) படிக்க விரும்புற மாணவர்களுக்கு ஒரு கழகம் தொடங்கலாமா, ஆள் சேருமா எண்டு. "முதல்ல ஒரு கணக்கோட தொடங்குங்கோ" எண்டு சொன்ன அண்ணாவுக்கு நன்றி. அப்பிடியே செய்தம்.

முதல் சந்திப்புக்கு ஒன்பது பேர் வந்தவை. பலகையில படகுக் காப்புறுதி ஒண்டை எழுதினன். 100 படகு, வருசத்துக்கு 5 படகின்ர என்ஜின் பழுதாகும், ஒண்டுக்கு 2 இலட்சம் இழப்பு. அப்ப ஒரு படகுக்கு அடிப்படைக் கட்டணம் 10,000 ரூபா. எல்லாரும் தலையாட்டிச்சினம். பின்வாங்கில இருந்த நிலாவெளித் தங்கச்சி மட்டும் கையைத் தூக்கினா. "அண்ணா, 2004 மார்கழி 26 இல எங்கட அப்பப்பான்ர கரையில ஒரு படகும் மிஞ்சேல்ல. ஐஞ்சு எண்டு எப்பிடி எழுதுவீங்கள்?"

அதுதான் பாடத்தின்ர நடு நரம்பு. இழப்புகள் ஒண்டையொண்டு சாராதவை எண்டால்தான் அந்தச் சராசரியை நம்பலாம். கடல் எல்லாத்தையும் ஒரே நாளில அடிச்சால் 10,000 எந்த மூலைக்கும் காணாது. அதுக்குத்தான் மீள்காப்புறுதி, அதாவது காப்புறுதி நிறுவனமே தன்ர இழப்புக்கு இன்னொரு நிறுவனத்திட்ட எடுக்கிற காப்புறுதி. மிச்ச ஒண்டரை மணித்தியாலமும் அதைத்தான் கதைச்சம்.

இப்ப சனிக்கிழமைகளில அமெரிக்காவில இருக்கிற அக்சுவரிச் சங்கமான சொசைட்டி ஒஃப் அக்சுவரிஸின்ர நிகழ்தகவுப் பரீட்சைக்குப் பயிற்சி: 30 வினா, 3 மணித்தியாலம். பரீட்சைக் கட்டணம்தான் பெரிய சுமை. பழைய பயிற்சிப் புத்தகம் வைச்சிருக்கிறவை தந்துதவுங்கோ, நாங்களே வந்து எடுப்பம்.