பட் ஹெல்டும் அவர் செய்த ஈட்டியும்

அமெரிக்க ஈட்டி எறிதல் வீரர் பட் ஹெல்ட் என்றாலே 80.41 மீட்டர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் ஸ்டான்ஃபோர்டில் படித்தபோதே 1948, 1949, 1950 என மூன்று ஆண்டும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான ஈட்டி எறிதல் பட்டத்தை வென்றவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவருக்கு ஒன்பதாவது இடம்தான். தங்கம் சக அமெரிக்கர் சை யங்குக்கு, 73.78 மீட்டரில் போனது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 8, பசடேனாவில் 80.41. அதற்கு முன் 80 மீட்டரை யாரும் தாண்டியதில்லை. பின்லாந்தின் நிக்கானன் 1938-இல் எறிந்த 78.70 பதினைந்து வருஷம் அப்படியே நின்றிருந்தது. 1955-இல் மெக்சிகோவில் பான் அமெரிக்கன் போட்டியில் தங்கம், மொடெஸ்டோவில் 81.75. எறிந்தால் காசு கிடையாது என்ற அமெச்சூர் காலத்தில் இவ்வளவும்.

*

அவருடைய ஈட்டியையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். உடன்பிறந்த டிக்கோடு சேர்ந்து வடிவத்தையே மாற்றினார். எடை அதே 800 கிராம்தான். உள்ளே குடைந்து மிச்சப்பட்ட எடையில் தண்டைப் பருமனாக்கினார்கள். பரப்பு கூடியதால் காற்று அதிகம் தாங்கியது. காற்று தாங்கும் மையம் (காற்றின் தாங்கல் குவியும் புள்ளி) எடை மையத்துக்கு (ஈட்டி சமநிலையில் நிற்கும் புள்ளி) அருகே வந்துவிட்டால் முனை சீக்கிரம் கீழே சாயாது. ஈட்டி மிதந்துகொண்டே போகும். இதைக் குறுக்குவழி என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அன்றைய விதிக்குள் நின்றுதான் செய்தார். தண்டின் பருமனுக்கு விதியில் கட்டுப்பாடு வந்தது பிறகுதான்.

*

மிதக்கும் ஈட்டியை எறிவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஈட்டி நீட்டியிருக்கும் திசையும் கை தள்ளும் திசையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். எறிவதற்கு முன் காலைக் குறுக்கே போட்டு வைக்கும் கடைசி கிராஸ் ஸ்டெப்பில் கை தாழ்ந்தால் முனை மேலே தூக்கும். எதிர்க்காற்று அடியில் புகுந்து ஈட்டி அந்தரத்தில் நின்று விழும். பருமனான ஈட்டியில் இந்தத் தவறுக்குத் தண்டனை இன்னும் அதிகம். ஆகவே முனை கண்ணோரமாக, கன்னத்தை ஒட்டி இருக்கட்டும். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். வலக்கைக்காரர் என்றால் இடக்கால் மடங்காமல் ஊன்றிய பிறகே தோள் வரவேண்டும், முழங்கை தோளுக்கு மேலே போக வேண்டும். பக்கவாட்டில் சுழற்றினால் முழங்கையின் உட்பக்கத் தசைநார்தான் முதலில் போகும்.

இன்னொரு தொல்லை, தரையிறங்குவது. முனைதான் முதலில் மண்ணைத் தொட வேண்டும். மிதந்து வரும் ஈட்டி தட்டையாக விழும். முனை முதலில் பட்டதா, தண்டு பட்டதா என்று நடுவர் குனிந்து மண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். நல்ல எறிகள் எத்தனையோ இப்படி ஃபவுலாகியிருக்கின்றன.

*

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் ஹெல்டுக்குக் கிடைக்கவில்லை, தோள் காயம். அங்கே நார்வேயின் ஏகில் டேனியல்சன், போலந்தின் சிட்வோ கொடுத்த எஃகு ஈட்டியை வாங்கி 85.71 எறிந்தார். சிட்வோவின் சொந்த உலக சாதனை 83.66 போனது, தங்கமும் போனது, அவருக்கு 79.98-இல் வெள்ளி. போட்டியின் நடுவில் எதிராளிக்கு ஈட்டி கொடுத்த அந்த மனசை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

*

பழைய ஈட்டி கையில் கிடைப்பவர்களுக்கு ஒரு சோதனை. பிடிக்கயிற்றுப் பகுதியை ஒரு விரலில் வைத்து, சமநிலை நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அங்கிருந்து முனைவரை டேப்பால் அளந்து பாருங்கள். ஆண்கள் ஈட்டியில் இன்று இது 90 முதல் 106 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். அடுத்து 1986-இல், முனை சீக்கிரம் சாயட்டும் என்று, விதியை மாற்றி எடை மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளினார்கள். 106-க்கு மேல் வந்தால் அது மிதக்கும் காலத்து ஈட்டி. போட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள். அதில் பழகிவிட்டுப் புதியதை எறிந்தால், முனை சட்டென்று இறங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் கையை மேலே தூக்கி எறிய ஆரம்பிப்பார்கள்.