ஷராக்கு உருவப்படத்துக்கு நல்ல நகல் எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. ஜப்பானிய மரப்பலகை அச்சு ஓவியர் தோஷூசாய் ஷராக்கு 1794-ல் வரைந்த, கபுகி (ஜப்பானிய மரபு நாடகம்) நடிகர் மூன்றாம் ஓதானி ஓனிஜியின் உருவப்படத்துக்கு நல்ல நகல் தேடுகிறேன். விரல்களை விரித்துக்கொண்டு, வாயை இறுக்கி முறைத்துப் பார்ப்பாரே, அந்தப் படம்தான். ஷராக்கு தொழிலில் இருந்ததே ஏறக்குறைய 10 மாதம். அதற்குள் இப்படியொரு முகம்!

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பிரதியின் படத்தை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதைப் பருத்தித் தாளில் இங்க்ஜெட்டில் அச்சிட்டேன். கோடுகள் அருமை, பின்னணியில்தான் உயிர் இல்லை. மூலத்தில் அங்கே மைக்கா (அப்பிரகம் என்னும் மினுங்கும் கனிமம்) தூள் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். தாளைச் சாய்த்தால் மினுங்கும். ஸ்கேனில் அது வெறும் சாம்பல் நிறமாகிவிடுகிறது. அந்த மினுக்கம் இல்லாவிட்டால் முகம் முன்னால் எழுந்து வருவதே இல்லை.

டோக்கியோவின் அடாச்சி நிறுவனம் இன்றும் செர்ரி மரப் பலகையில் செதுக்கி, வாஷி என்னும் ஜப்பானியத் தாளில் கையால் அச்சிட்டு விற்கிறது. அவர்களிடம் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? மைக்கா பின்னணி நேரில் எப்படி இருக்கிறது? சுங்கவரி எவ்வளவு வந்தது? இங்க்ஜெட் நகலின் மேல் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மைக்கா ஏற்றிப் பார்த்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். புகைப்படம் போட்டால் பேருதவி, சற்றுச் சாய்த்து எடுத்ததாக இருக்கட்டும்.