விருது அடைவில் ‘பரிந்துரை’யை எப்படிப் பதிவது?

அடைவுக்காரன்:

தமிழ் எழுத்தாளர்களும் தமிழிலிருந்து பிறமொழிக்குப் போன நூல்களும் வெளியில் பெற்ற விருதுகளுக்கு ஓர் அடைவு தயாராகிறது. எக்செல் தாளில் இப்போதைக்கு நான்கே பத்திகள்: எழுத்தாளர், நூல், விருது, ஆண்டு. வென்றவற்றில் சிக்கல் இல்லை, தகராறெல்லாம் ‘பரிந்துரை’யில்தான். பெருமாள்முருகன் பெயரில் மட்டும் “கிரியாமா பரிந்துரை 2005”, “ஜேசிபி பரிந்துரை 2018”, “அமெரிக்கத் தேசிய நூல் விருது பரிந்துரை 2018, 2020”, “புக்கர் பரிந்துரை 2023” என்று வரிசையாக விழுகிறது. இவையெல்லாம் ஒரே தரம்தானா? நெடும்பட்டியல், குறும்பட்டியல், வெற்றி என்று மூன்று வரி போடுவதா, ஒன்றா? அனுக் அருட்பிரகாசத்தின் 2021 ‘புக்கர்’, பெருமாள்முருகனின் பூக்குழி நாவலின் 2023 ‘புக்கர்’ இரண்டையும் ஒரே தலைப்பில் வைக்கலாமா?

நூல்நிரை:

முதல் வேலையாக ‘பரிந்துரை’ என்ற சொல்லைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். பதிப்பகம் போட்டிக்கு நூலை அனுப்புவதையும் நடுவர்கள் தேர்ந்து பட்டியல் வெளியிடுவதையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. அமெரிக்காவின் புலிட்சர் விருதை எடுத்துக்கொள்ளுங்கள். 75 டாலர் கட்டணத்தோடு தகுதியுள்ள எந்த நூலையும் அனுப்பலாம். அப்படி அனுப்பியவரெல்லாம் தம்மை ‘நாமினி’ (பரிந்துரைக்கப்பட்டவர்) என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று புலிட்சர் அலுவலகமே அறிவுறுத்துகிறது. அங்கே செல்லுபடியாவது, நடுவர் குழு முன்வைத்த இறுதிச்சுற்று நூல்கள் மட்டும்தான். அந்தப் பெயர்களை வெளியிடுவதும் 1980இல்தான் தொடங்கியது. எனவே விருது தரும் அமைப்பு தானே வெளியிட்ட பட்டியலில் இருந்தால் வரி உண்டு, இல்லையென்றால் கிடையாது.

அடுத்து, ‘நிலை’ என்று ஒரு பத்தி. அதில் அந்தந்த அமைப்பு வைத்த பெயரையே போடுங்கள். புக்கரில் 12 அல்லது 13 நூல்களின் நெடும்பட்டியல், பிறகு 6 நூல்களின் குறும்பட்டியல். இந்தியப் புனைவுக்கான ஜேசிபி விருதில் 10, பிறகு 5 என்று இருந்தது. அமெரிக்கத் தேசிய நூல் விருதில் 2013 முதல் ஒவ்வொரு பிரிவிலும் 10 நூல் நெடும்பட்டியல், அடுத்த 5 நூல்களை அவர்கள் ‘இறுதிச்சுற்று’ என்பார்கள். பட்டியலில் எத்தனை நூல் என்பதைப் பக்கத்துப் பத்தியில் எண்ணாகப் போட்டுவிட்டால் தரம் என்னவென்று வாசகரே பார்த்துக்கொள்வார். நாம் மதிப்பெண் போட வேண்டாம்.

வரி ஒன்றே போதும். விருது, ஆண்டு, நூல் மூன்றும் சேர்ந்தால் ஒரு வரி. அதில் எட்டிய உச்ச நிலை மட்டும். பெருமாள்முருகனின் ஆளண்டாப் பட்சியின் ஆங்கில வடிவம் 2023இல் ஜேசிபி வென்றது. அதற்கு மூன்று வரி போட்டால் கூட்டலில் மூன்று விருது என்று வந்து நிற்கும். நடந்த வரிசை வேண்டுமென்றால் நெடும்பட்டியல் நாள், குறும்பட்டியல் நாள், முடிவு நாள் என்று மூன்று பத்தி வையுங்கள்.

உங்கள் “2018, 2020” இப்போதே இடிக்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டு ஆண்டு இருந்தால் வடிகட்டவும் முடியாது, கூட்டவும் முடியாது. தவிர அவை இரண்டும் வேறு வேறு நூல்கள்.

இரண்டாம்பதிப்பு:

நூல்நிரை சொன்னதில் ‘நூல்’ என்ற இடத்தில்தான் பலரும் வழுக்குவார்கள். வெளிநாட்டு விருதின் பட்டியலில் ஏறுவது தமிழ் மூலம் அல்ல, ஒரு குறிப்பிட்ட மொழிபெயர்ப்பின் குறிப்பிட்ட பதிப்பு.

பூக்குழி தமிழில் 2013. அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்த்த ‘பயர்’ இந்தியாவில் பெங்குவின் வழியாக 2016. பிரிட்டனில் புஷ்கின் பிரஸ் பதிப்பு 2022. மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கருக்கு பிரிட்டனிலோ அயர்லாந்திலோ மே 1 முதல் அடுத்த ஏப்ரல் 30 வரை வந்த நூலே தகுதி பெறும். 2023 நெடும்பட்டியலுக்கு அதைக் கொண்டுபோனது இந்த மூன்றாவது பதிப்புதான். தாளில் 2013ஐ மட்டும் வைத்திருந்தால், பத்தாண்டுக்கு முந்தைய நாவல் எப்படிப் போட்டிக்குள் வந்தது என்று சரிபார்ப்பவர் குழம்பி, வரியையே தவறென்று அடித்துவிடுவார்.

பூனாச்சி இன்னும் சிக்கல். என். கல்யாண் ராமனின் ஒரே மொழிபெயர்ப்பு இந்தியாவில் ‘பூனாச்சி’ என்ற பெயரில் வந்து 2018 ஜேசிபி குறும்பட்டியலில் இருந்தது. அதுவே அமெரிக்காவில் ‘தி ஸ்டோரி ஆஃப் எ கோட்’ என்ற பெயரில் வந்து 2020 தேசிய நூல் விருதின் மொழிபெயர்ப்பு இலக்கிய நெடும்பட்டியலில் ஏறியது. தலைப்பை வைத்துத் தேடினால் இரண்டு நூலாகத் தெரியும். அதனால் மூலத் தலைப்புக்கு ஒரு பத்தி, பட்டியலில் அச்சான தலைப்புக்குத் தனிப் பத்தி. 2018இன் தேசிய நூல் விருது வரி மாதொருபாகனுடையது. அதுவும் நெடும்பட்டியல்தான்.

மொழிபெயர்ப்பாளர் பத்தி கட்டாயம். சர்வதேச புக்கரின் 50,000 பவுண்டு ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. குறும்பட்டியல் தொகையும் அப்படியே பிரிகிறது. அவர் பெயரை விட்டால் பாதி விருதாளரை விட்டதாக அர்த்தம்.

ஒரு சில்லறை விஷயம்: ‘பெருமாள்முருகன்’, ‘பெருமாள் முருகன்’ என்று இரண்டு விதமாக அடித்தால் எக்செலுக்கு அவர் இரண்டு பேர்.

பத்திக்கணக்கு:

புக்கர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒரே தலைப்பில் வைக்கவே கூடாது. அனுக்கின் ‘எ பாசேஜ் நார்த்’ ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. 2021 புக்கர் குறும்பட்டியல். பூக்குழி வந்தது சர்வதேச புக்கரில். செய்தித்தாள்கள் இரண்டையும் ‘புக்கர்’ என்று சுருக்கிவிடுவதால் வரும் வினை இது.

சர்வதேச புக்கருக்குள்ளும் ஒரு கோடு கிழிக்க வேண்டும். 2005 முதல் 2015 வரை ‘மேன் புக்கர் சர்வதேசப் பரிசு’ ஈராண்டுக்கு ஒருமுறை, எழுத்தாளரின் மொத்தப் பங்களிப்புக்கு. 2016 முதல் ஆண்டுதோறும், ஒற்றை நூலுக்கு. 2013இன் 10 இறுதிச்சுற்று எழுத்தாளர்களில் ஒருவரான கன்னட எழுத்தாளர் யு. ஆர். அனந்தமூர்த்திக்கு வரி போட்டால் நூல் பத்தியில் ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். அங்கே யாராவது அவரது நாவலான ‘சம்ஸ்கார’ என்று நிரப்பிவைப்பார்கள், அது தவறு. ஞானபீடத்திலும் இதே கதை: அகிலனின் 1975 விருது சித்திரப்பாவைக்கு, ஜெயகாந்தனின் 2002 விருது மொத்தப் பங்களிப்புக்கு.

விருதின் பெயர் அந்த ஆண்டில் என்னவோ அதுவே. வி. வி. கணேசானந்தனின் ‘லவ் மேரேஜ்’ 2009இல் ஆரஞ்சு பரிசின் நெடும்பட்டியலில் இருந்தது. 2024இல் அவர் ‘பிரதர்லெஸ் நைட்’டுக்கு வென்ற மகளிர் பரிசு அதே பரிசின் இன்றைய பெயர். அன்றைய பெயருக்கு ஒரு பத்தியும் இரண்டையும் இணைக்க ஒரு பொதுக் குறியீடும் வேண்டும்.

ஆண்டு என்றால் விருதாண்டு. அறிவித்த நாள் தனி. சாகித்திய அகாதெமியின் 2020 விருது இமையத்தின் செல்லாத பணத்துக்கு என்று அறிவிக்கப்பட்டது 2021 மார்ச்சில். ஜெயகாந்தனின் 2002 ஞானபீடம் அறிவிக்கப்பட்டது 2005இல். நாளிதழ்த் தேதியைப் பார்த்து ஆண்டைப் போட்டால் இரண்டும் பிசகும். நாள் பத்தியை உரை வடிவத்தில் வையுங்கள். மாதம் மட்டும் தெரிந்து “2021-03” என்று அடித்தால் எக்செல் அதை மார்ச் 1 என்று எடுத்துக்கொள்ளும்.

அடைவுக்காரன்:

பத்தி பதினான்கு ஆகிவிட்டது, பரவாயில்லை. இன்னும் இரண்டு. நூலின் பின்னட்டையில் “நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்” என்று இருந்தால்? பட்டியலில் வந்தபின் எழுத்தாளரே விலகினால்?

நூல்நிரை:

நோபலைப் பொறுத்தவரை என் பேச்சை நானே திருத்த வேண்டும். அங்கே ‘பரிந்துரை’ சரியான சொல்தான், ஏனென்றால் பரிந்துரை என்ற முறையே அங்கு உண்டு. முன்பு வென்றவர்கள், இலக்கிய, மொழியியல் பேராசிரியர்கள், எழுத்தாளர் சங்கத் தலைவர்கள் போன்றோர் ஜனவரி 31க்குள் அனுப்புவார்கள். ஆனால் பெயர்கள் 50 ஆண்டு மூடி வைக்கப்படும். ஆகவே உயிரோடிருக்கும் ஒருவருக்கு அண்மை ஆண்டு போட்டு யார் சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை, சேர்க்காதீர்கள். பழையவற்றுக்கு நோபல் காப்பகத்தில் பரிந்துரைத்தவர் பெயரே கிடைக்கும். 1913இல் தாகூரைப் பரிந்துரைத்தவர் தாமஸ் ஸ்டர்ஜ் மூர். ‘பரிந்துரைத்தவர்’ பத்தியை நோபல் வரிகளுக்கு மட்டும் நிரப்புங்கள். பின்னட்டை எந்த விருதுக்கும் ஆதாரமாகாது. அது விற்பனை வாசகம்.

இரண்டாம்பதிப்பு:

விலகலுக்கு நிலையை மாற்றாதீர்கள், குறிப்பில் எழுதுங்கள். 2011 மேன் புக்கர் சர்வதேசப் பட்டியலிலிருந்து தம் பெயரை எடுக்கச் சொன்னார் ஜான் லெ காரே. நடுவர்கள் எடுக்கவில்லை. ஆக ‘இறுதிச்சுற்று’ அப்படியே நிற்கும், குறிப்பில் ‘விலகக் கோரினார்’. அமிதவ் கோஷ் 2001இல் ‘தி கிளாஸ் பேலஸ்’ நாவலை காமன்வெல்த் பரிசிலிருந்து விலக்கியது வேறு மாதிரி: யூரேசியப் பிராந்தியப் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகு. இரண்டுக்கும் ‘விலகல்’ என்ற ஒரே குறி போட்டால் வித்தியாசம் தொலைந்துபோகும். யார், எந்தக் கட்டத்தில், அமைப்பு ஏற்றதா என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பத்திக்கணக்கு:

வெற்றுக் கட்டத்தையும் கவனியுங்கள். 2012இல் புனைவுக்கு புலிட்சர் யாருக்கும் இல்லை. மூன்று இறுதிச்சுற்று நூல்கள் மட்டும் உண்டு. அங்கே ‘விருது வழங்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். காலியாக விட்டால் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்று பொருள்படும். நெடும்பட்டியல் மட்டும் வந்து முடிவு வராத ஆண்டுக்கு ‘நிலுவை’, கூடவே சரிபார்த்த தேதி. விருதுத் தளங்கள் பழைய பக்கங்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், பதியும் அன்றே இணையக் காப்பகத்தில் ஒரு நகல் எடுத்து அந்த முகவரியையும் சேர்த்துவிடுங்கள்.