சின்னசேலம்–கள்ளக்குறிச்சிப் பாதைக்கு பேட்டரி ரயில் பொருந்துமா?

அம்மாபேட்டை வாசி:
வாரத்தில் இரண்டு நாள் சேலம் டவுனில் விருத்தாசலம் ரயிலேறிச் சின்னசேலத்தில் இறங்கி, அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் நின்றபடியே போய்வருகிறேன். இவ்விரு ஊர்களுக்கும் இடையிலான 16 கி.மீ. புதிய பாதைப் பணி ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரின் உள்ளூர் ரயில் சேவையான மெர்சிரெயில், கிர்க்பி நிலையத்தோடு நின்றிருந்த தன் பாதையை 2023 அக்டோபரில் ஹெட்போல்ட் லேன் வரை நீட்டியபோது, கூடுதல் தொலைவுக்கு மின்வசதியே செய்யாமல் பேட்டரி ரயில்களை விட்டது. நம் பாதையிலும் தண்டவாளத்தை மட்டும் போட்டுவிட்டு, கம்பத்துக்கும் கம்பிக்கும் காத்திராமல் அப்படிச் செய்ய முடியாதா? ஏற்காட்டுக்கும் ஒரு ரயில் வேண்டும் என்று என் மகன் ஆசைப்படுகிறான், அதையும் கேட்டுவைக்கிறேன்.

சூரமங்கலத்தான்:
ஐயா, லிவர்பூலின் சிக்கல் வேறு. அங்கே மின்சாரம் வருவது தலைக்கு மேலிருந்து அல்ல. தரையோரம் ஓடும் மூன்றாம் தண்டவாளத்தில், 750 வோல்ட் நேர்மின்சாரமாக வருகிறது. கால் பட்டால் உயிர் போகும் என்பதால் அதைப் புதிதாக நீட்டுவதை அந்நாட்டு ரயில் பாதுகாப்பு அமைப்பு விரும்புவதில்லை. ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு பேட்டரி அங்கே நல்ல தீர்வாயிற்று.

நம் விருத்தாசலம் பாதையில் 25,000 வோல்ட் மாறுமின்சாரக் கம்பி சின்னசேலத்தைத் தாண்டியே போகிறது. இந்த மின்னழுத்தத்தில் துணைமின் நிலையங்கள் 40 முதல் 60 கி.மீ. இடைவெளியில் இருந்தாலே போதும் என்பதால், 16 கி.மீ. நீட்டிப்பு பெரும் சுமையன்று. கம்பி இருந்தால் மெமு எனப்படும் மின்சாரப் பயணிகள் ரயிலும் ஓடும், சரக்கு ரயிலும் ஓடும். பேட்டரி ரயிலோ பயணிகளுக்கு மட்டுமே உதவும்.

உங்கள் யோசனைக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஜப்பானில் இருக்கிறது. 20.4 கி.மீ. நீளமுள்ள கராசுயாமா கிளைப்பாதையில் 2014 முதல் பேட்டரி ரயில் ஓடுகிறது. வழியெங்கும் கம்பி கிடையாது; கடைசி நிலையத்தில் மட்டும் நடைமேடைக்கு அருகே, தலைக்கு மேல் விறைப்பான சிறு மின்கடத்தி இருக்கிறது. வண்டி நின்றதும் கூரைமேல் உள்ள கை எழும்பி அதைத் தொட்டு மின்னேற்றிக்கொள்கிறது. முதன்மைப் பாதைக்குத் திரும்பியதும் வழக்கமான கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. பயணிகள் குறைந்த பாதைக்கு அது சிக்கனம். கள்ளக்குறிச்சி 2019 முதல் மாவட்டத் தலைநகர். அதைக் கிளைப்பாதையாகவே வைத்துவிடும் எண்ணம் எனக்கு உவப்பாக இல்லை.

அடிவாரத்துக்காரர்:
ஏற்காட்டுக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆட்களோடு சேர்த்து 100 டன் எடையுள்ள சிறு ரயிலை அவ்வளவு உயரம் தூக்க, உராய்வைச் சேர்க்காமலே சுமார் 327 யூனிட் வேண்டும். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச மின்சாரமே 100 யூனிட்தான். ஆயினும் இன்றைய பேட்டரிக்கு இது பெரிய பாரமில்லை; இறங்கும்போது பிரேக் பிடிப்பதில் ஒரு பங்கு திரும்பியும் வரும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிய பேருந்தின் பிரேக் வாடையை முகர்ந்தவர்களுக்கு, அங்கே எவ்வளவு ஆற்றல் வெறும் சூடாக வீணாகிறது என்பது தெரியும்.

தடை சரிவில்தான் இருக்கிறது. நாற்பதுக்கு ஒன்று (40 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்ற சரிவில் ஏறினால் 48 கி.மீ. பாதை வேண்டும், குறுக்கே ஏறுவதென்றால் நீலகிரி மலை ரயிலின் கல்லாறு–குன்னூர் பகுதியைப் போல பல்சக்கரம் வேண்டும். காப்பித் தோட்டங்களையும் காட்டையும் வெட்டாமல் இரண்டுமே நடவாது. மகனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை வாசி:
இருவருக்கும் நன்றி. கம்பி வரும்வரை இடைக்காலத்துக்காவது பேட்டரி ரயில் உதவாதா?

சூரமங்கலத்தான்:
அதற்கு டீசல் எஞ்சினே போதும்; தண்டவாளம் தேறிய நாளிலேயே ஓடும். புதிய பாதையில் காலத்தைத் தின்பவை நிலம் கையகப்படுத்தல், மண்மேடு, பாலங்கள் ஆகியவைதாம். கம்பி கட்டுவது கடைசி வேலை. அதை மிச்சப்படுத்தினாலும் உங்கள் பேருந்துப் பயணம் சில மாதங்கள்தான் குறையும்.