அம்பாசடரின் அடிப்பாகமும் களியக்காவிளை மழையும்

களியக்காவிளைப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இங்கே துருவுக்கு ஓய்வே கிடையாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. மழை விட்டாலும் கொல்லங்கோட்டுக் கடலில் இருந்து உப்புக்காற்று வரும். அதனால் மாமாவின் பழைய அம்பாசடரைப் பிரித்தபோது பெயிண்டைவிட சஸ்பென்ஷனைப் (சக்கரத்துக்கும் வண்டிக்கும் இடையில் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) பற்றித்தான் அதிகம் யோசித்தோம்.

அம்பாசடரில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்தான், அதாவது முறுகியே ஸ்பிரிங் வேலை செய்யும் நீளக் கம்பி. பின்பக்கம் லீஃப் செட், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். கழற்றியதும் டார்ஷன் பார் இரண்டிலும் இடது, வலது என்று டேக் கட்டினோம். பல வருடம் ஒரே பக்கமாக முறுகிப் பழகிய கம்பியைப் பக்கம் மாற்றிப் போடக் கூடாது. பஞ்ச் அடித்து அடையாளம் வைப்பதும் வேண்டாம், விரிசல் அந்தக் குழியிலிருந்தே தொடங்கலாம்.

பாறசாலையில் ஒரு பிளாஸ்டிங் (துகளை வேகமாக அடித்துத் துருவை எடுப்பது) பட்டறைக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த சேட்டன் நல்ல மனுஷர். எல்லாவற்றையும் ஆசிட்டில் முக்கி சிங்க் பிளேட்டிங் (துத்தநாக முலாம்) செய்துவிட்டால் புதுசு மாதிரி மின்னும் என்றார். கூட வந்த எங்கள் மார்த்தாண்டம் மேஸ்திரி உடனே மறித்தார். "பிராக்கெட், வாஷர் எல்லாம் செய்யுங்க சேட்டா. கம்பியும் பட்டையும் ஆசிட் பக்கமே போகக் கூடாது."

அவர் சொன்னது முழுக்க சரி. ஸ்பிரிங் ஸ்டீல் கடினப்படுத்திய இரும்பு. ஆசிட்டில் முக்கும்போதும் பிளேட்டிங் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் அதற்குள் புகுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பாரம் ஏறி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். பிளேட்டிங் முடிந்த உடனே பல மணி நேரம் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றும் முறை உண்டு. ஆனால் அதைச் சரியாகச் செய்தார்களா என்று நாம் எப்படிப் பார்ப்பது? டார்ஷன் பாரை வயர் பிரஷ்ஷாலும் நைஸ் எமரி பேப்பராலும் கையாலேயே சுத்தம் செய்தோம்.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்ம், லீஃப் செட்டின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிள் பிளேட் இவற்றை மட்டும் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்தோம். அதற்கும் ஜனவரி வரை காத்திருந்தோம். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு பச்சைப் புண் மாதிரி, ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே சிவந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையில் பொதுவான கணக்கு. நம்ம ஊர் ஜூலையில் அது எங்கே அமையும்! வெறுங்கையால் தொடாமல் கிளவுஸ் போட்டு எடுத்து வந்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்து, பிறகு 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) கருப்புப் பெயிண்ட் ஏற்றினோம்.

பெயிண்ட் தூளை ஒட்டவைத்துச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங் நிறைய பேர் செய்கிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் கல் பட்டு ஒரு இடத்தில் பெயர்ந்தால், ஈரம் அடியில் புகுந்து பரவுவது வெளியே தெரியாது. பெயிண்ட் என்றால் தேய்த்து டச்அப் செய்துகொள்ளலாம். எதை அடித்தாலும் சரி, போல்ட் இறுகும் முகத்திலும் டேப்பர் (கூம்பு வடிவ) துளையிலும் ஒட்டக் கூடாது. இடையில் இருக்கும் பெயிண்ட் நசுங்கினால் போல்ட் தளரும்.

லீஃப் பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, குழி விழுந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மெல்லிய பிரைமரும் இடையில் கிராஃபைட் கிரீஸும் போட்டோம். பட்டைகளை அச்சோடு கட்டும் யூ போல்ட் எல்லாமே புதுசு. அப்புறம் ரப்பர் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்) போல்ட்டுகளை வண்டி தரையில் தன் பாரத்தில் நின்ற பிறகுதான் முழுசாக இறுக்கினோம். தூக்கி வைத்தபடியே இறுக்கினால், இறக்கியதும் புஷ் முறுகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

மழைக்கு முன்னால் அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கும் பழக்கம் இங்கே சிலரிடம் உண்டு. துருவைக் கொஞ்சம் தடுக்கும்தான், ஆனால் ரப்பர் ஊதிப்போகும். நாங்கள் புஷ் பக்கம் போகாமல், சேசிஸ் பெட்டிக்குள் மட்டும் மெழுகு ஸ்பிரே அடித்திருக்கிறோம். மழை முடிந்து தூக்கிப் பார்த்தபோது ஒரு ஷேக்கிள் ஓரத்தில் மட்டும் கல்லடி பட்டிருந்தது. தேய்த்து, எபாக்சி தொட்டு வைத்தோம்.